லார்சுக்கிடம் நீட்டும் முன் வாளின் பூர்வீகத்தைப் பாருங்கள்

டயாப்லோ 2 கேமில் பொருட்களில் துளை (சாக்கெட்) போட்டுத் தரும் கொல்லர் லார்சுக், என் கிரிஸ்டல் ஸ்வோர்டைத் திருப்பிக் கொடுத்தபோது அதில் ஆறு சாக்கெட் இருந்தது. எனக்கு வேண்டியது நான்கே நான்கு. என் பாலடின் வீரனை, பிளெஸ்டு ஹேமர் என்ற மாயச் சுத்தியலை வைத்து அடிக்கும் ஹேமர் பில்டாக வளர்க்கிறேன். நாலு துளையில் நாலு ரூன் கற்களை வரிசை மாறாமல் பதித்தால் உருவாகும் ஸ்பிரிட் ரூன்வேர்டுக்காக டால், துல், ஓர்ட், ஆம்ன் எல்லாம் மாதக்கணக்கில் பெட்டியில் காத்திருந்தன. லார்சுக் துளை போட்டுத் தருவது ஒரு குவெஸ்ட்டின் பரிசு; நார்மல், நைட்மேர், ஹெல் என்ற ஒவ்வொரு டிஃபிகல்ட்டிக்கும் ஒருமுறைதான் கிடைக்கும். நார்மலில் கிடைத்ததை ஏற்கெனவே ஒரு ஹெல்மெட்டுக்குக் கொடுத்தாயிற்று. இப்போது நைட்மேரில் கிடைத்ததும் போனது. அன்று அதற்கு மேல் விளையாட மனமே வரவில்லை.

தப்பு எங்கே என்றால், லார்சுக் அந்தப் பொருளுக்கு அதிகபட்சம் எத்தனை துளை வருமோ அத்தனையையும் போட்டுவிடுவார். அது பொருளின் ஐட்டம் லெவலைப் பொறுத்தது; பொருள் எங்கே விழுந்தது என்பதை வைத்து அமையும் எண் அது. கிரிஸ்டல் ஸ்வோர்டுக்கு 26 முதல் 40 வரை என்றால் நான்கு, 41 முதல் ஆறு. என் வாள் நைட்மேர் ஆக்ட் 5-இல் விழுந்தது. அந்த எண்ணைத் திரையில் எங்கும் காட்ட மாட்டார்கள். எங்கே விழுந்தது என்பதை நாம்தான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். போட்ட துளையை மூடவும் வழியில்லை. ஹெல் என்ற ரூனையும் டவுன் போர்ட்டல் சுருளையும் அந்த வாளோடு கியூபில் (பொருட்களைக் கலந்து மாற்றும் மாயப் பெட்டி) சேர்த்தால் உள்ளே பதித்தது அழியுமே தவிர, துளை அப்படியே இருக்கும்.

பிறகு நார்மலில் மாடுகள் மட்டுமே மொய்க்கும் ரகசிய மாட்டு லெவலுக்கே திரும்பிப் போய், நாலு துளையோடு ஒரு வாள் விழும்வரை வெட்டினேன். விழுந்தது. ரூன்களை ஒவ்வொன்றாக, வரிசையை இரண்டு தடவை சரிபார்த்துப் பதித்தேன். கடைசி ஆம்ன் உள்ளே போனதும் பெயர் பொன்னிறமாக மாறியதே, அந்த நொடிக்காக எத்தனை மாட்டை வேண்டுமானாலும் வெட்டலாம்.

வாளின் டேமேஜைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிளெஸ்டு ஹேமர் அடிப்பது மேஜிக் டேமேஜ். கையில் என்ன ஆயுதம் இருந்தாலும் அது மாறாது. ஸ்கில் லெவலும் காஸ்ட் வேகமும்தான் கணக்கு.

ஸ்பிரிட்டைக் கேடயத்திலும் பதிக்கலாம்; அதில் பாலடினுக்குக் கொடுப்பினை. மற்றவர்கள் ஸ்பிரிட்டுக்காக 156 ஸ்ட்ரெங்த் கேட்கும் மோனார்க் கேடயத்தைச் சுமக்க, நமக்குப் பாலடின் மட்டுமே ஏந்தும் டார்ஜ் வகையே போதும். முதலில் துளை போட, ஒரு சுப்பீரியர் (தரம் கூடிய) டார்ஜை டால், ஆம்ன், பர்ஃபெக்ட் ரூபியுடன் கியூபில் போட்டேன். அசையவே இல்லை. அந்த ரெசிபிக்குச் சாதாரணப் பொருள்தான் ஆகும். எல்லா ரெசிஸ்டும் (நெருப்பு, குளிர் போன்ற தாக்குதல்களைத் தாங்கும் அளவு) 38 இருந்த சாதாரண டார்ஜைப் போட்டதும் முதல் தடவையிலேயே நான்கு துளை!

ஆனாலும் ஹேமர் மந்தமாகவே சுழன்றது. காஸ்ட் ரேட்டைக் கூட்டிப் பார்த்தேன்: வாள் 27, கேடயம் 26, மேஜ்ஃபிஸ்ட் கையுறை 20. மொத்தம் 73. வேகம் படிப்படியாகத்தான் கூடும்; பாலடினுக்கு 48-க்கு அடுத்த படி 75; இரண்டு குறைந்ததால் மீதி 25-ம் வீண். 10 காஸ்ட் ரேட் உள்ள மோதிரம் ஒன்றை மாட்டியதும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

இப்போது ஹெல்லில் இருக்கிறேன். அங்கே எல்லா ரெசிஸ்டும் 100 குறையும். கேடயத்தில் பதித்த ஸ்பிரிட் குளிர், மின்னல், விஷம் மூன்றுக்கும் 35 தரும், நெருப்புக்கு ஒன்றும் தராது. டார்ஜின் 38, ஸ்மோக் கவசத்தின் 50, குவெஸ்ட் பரிசாக ஆன்யா தந்த 20 எல்லாம் சேர்த்தும் நெருப்பு 8-இல் நிற்கிறது. பூட்ஸ், பெல்ட் எது விழுந்தாலும் இனி முதலில் அந்த வரியைத்தான் தேடுகிறேன்.