ஹயபுசா ஸ்விங்ஆர்ம் நீட்டல்: போல்ட் கட்டை சரிவரவில்லை, அடுத்து வெல்டிங்

டிராக் ரேஸுக்காக ஒரு சுசுகி ஹயபுசா பைக்கின் ஸ்விங்ஆர்மை, அதாவது பின்சக்கரத்தைத் தாங்கும் கையை, நீட்டும் வேலை இது. அதற்குப் போல்ட் போட்டு மாட்டும் எக்ஸ்டென்ஷன் கட்டையை மூன்று முறை மாட்டிப் பார்த்தாச்சு. மூன்று முறையும் அதே இடத்தில்தான் சிக்கல்: ஆக்சில் ஸ்லாட்டுக்குள் (பின் ஆக்சில் உட்காரும் நீள் துளை) கட்டை மேலும் கீழும் ஆடுகிறது. இனி அது அளவு பார்க்க மட்டும்தான், ஓட்ட இல்லை. ஸ்விங்ஆர்மை வெட்டி ஜிக்கில் (அசையாமல் பிடிக்கும் சட்டம்) வைத்து வெல்ட் செய்வது என்று முடிவு. வண்டி 2008-ல் வந்த இரண்டாம் தலைமுறை உடல், ஏபிஎஸ் உள்ளது. வீல்பேஸ் (இரண்டு ஆக்சில்களுக்கும் இடையே உள்ள தூரம்) 1480 மி.மீ., செயின் 530, ஸ்ப்ராக்கெட் முன்னால் 18 பல், பின்னால் 43. ஓடப்போவது 402 மீட்டர் மட்டும்.

சாலையில் ஓட்ட நினைப்பவர்கள் இந்த வேலையை இங்கேயே விட்டுவிடலாம். ஆர்.சி.யில் வீல்பேஸ் பதிவாகியிருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கு மாறாக வண்டியை மாற்ற 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு இடம் தருவதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே டிரெய்லரில் ஏற்றி ட்ராக்குக்குக் கொண்டுபோகிற வண்டிக்கு மட்டுமே இது.

முதலில் நீட்ட வேண்டுமா என்பதையே பார்க்க வேண்டும். படம் பார்த்து ஆசைப்பட்டு 6 அங்குலம் நீட்டுகிறவர்கள்தான் அதிகம். வேகமாகக் கிளம்பும்போது முன்சக்கரம் தூக்கும் எல்லை ஒரே ஒரு வகுத்தல்தான்: பின் ஆக்சிலிலிருந்து எடைமையம் எவ்வளவு முன்னே இருக்கிறது, அதை எடைமையத்தின் உயரத்தால் வகுக்கவும். ஆளோடு சேர்த்து எடை முன்னும் பின்னும் சரிபாதி, உயரம் 650 மி.மீ. என்று வைத்தால் 740-ஐ 650-ஆல் வகுக்க 1.14 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) வருகிறது. 150 மி.மீ. நீட்டினால் அது 890-க்கு 650, அதாவது 1.37 ஜி. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

யாரும் போடாதது மறுபக்கக் கணக்கு. நீட்டியதும் பின்சக்கரத்தின் மேல் நிற்கும் எடை 50 சதவீதத்திலிருந்து 45 ஆகிறது. வீல்பேஸ் கூடியதால் ஆக்சிலரேஷனில் பின்னுக்குப் போய்ச் சேரும் எடையும் குறைகிறது. டயர் பிடிப்பு (உராய்வுக் கெழு) 1.0 மட்டும் உள்ள சாதாரண தார்த் தளத்தில், நீட்டாத வண்டி சுமார் 0.89 ஜி-யில் கிளம்பும். அதே தளத்தில் 150 மி.மீ. நீட்டிய வண்டி 0.76 ஜி-யில்தான் கிளம்பும். பிடிப்பு ஏறக்குறைய 1.25-ஐத் தாண்டிய பிறகுதான் நீளம் லாபம். அமெரிக்க டிராக் ஸ்ட்ரிப்பில் பசை தெளித்து ரப்பர் இழுத்துத் தளத்தைத் தயார் செய்கிறார்கள். அங்கே பலன் தரும் அளவை இங்கே அப்படியே எடுத்துக்கொண்டால் ஸ்டார்ட் லைனில் டயர் சுழலும், நேரம் போகும்.

கணக்கு வேண்டாம் என்றால் சோதனை எளிது. முழு லாஞ்சில் (ஸ்டார்ட் லைனில் முழு வேகத்தில் கிளம்புவது) முன்சக்கரம் தூக்குவதற்கு முன்பே டயர் சுழன்றால் நீட்டாதீர்கள். டயர், அழுத்தம், கிளட்ச் இவற்றைப் பாருங்கள். முன்சக்கரம் முதலில் தூக்கினால் வண்டியை இறக்குங்கள். முன்னால் ஃபோர்க்கை அமுக்கிக் கட்டும் ஸ்ட்ராப், பின்னால் உயரத்தைக் குறைக்கும் லோயரிங் லிங்க் போட்டு எடைமையம் 50 மி.மீ. இறங்கினாலே எல்லை 1.14-லிருந்து 1.23 ஜி ஆகிறது. இரும்பும் வெட்ட வேண்டாம், அலுமினியமும் வெட்ட வேண்டாம். இறக்கிய பிறகும் தூக்கினால்தான் நீட்டும் பேச்சு. இந்த வண்டி மூன்றாவது நிலையில் இருக்கிறது. ஆகவே 150 இல்லை, 100 மி.மீ. அளவு. இறக்கிய உயரத்தில் அதுவே 1.40 ஜி தருகிறது, போதும்.

நீட்டினால் பிரேக்கிங் நன்றாகும் என்று ஒரு பேச்சு உண்டு. பின்சக்கரம் தரையை விட்டு எழும் எல்லையைத் தீர்மானிப்பது முன் ஆக்சிலுக்கும் எடைமையத்துக்கும் இடையே உள்ள தூரம். ஸ்விங்ஆர்மை நீட்டினால் அது கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. அந்த எல்லையை மாற்றியது இறக்கியதுதான்.

இனி கட்டை விஷயம். ஸ்லாட்டுக்குள் உட்காரும் பகுதி 60 மி.மீ. நீளம். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 0.25 மி.மீ. இலை மேல் விளிம்பில் இலகுவாக நுழைகிறது. கால் மில்லிமீட்டர்தானே என்று விடக்கூடாது. அந்த 60-ன் நடுவிலிருந்து புது ஆக்சில் 180 மி.மீ. தள்ளி இருக்கிறது, கால் மில்லிமீட்டர் அங்கே முக்கால் மில்லிமீட்டராகிறது. இடது கட்டை மேலே, வலது கட்டை கீழே நின்றுவிட்டால் ஆக்சில் ஒன்றரை மில்லிமீட்டர் சாய்வு. ஸ்விங்ஆர்மின் இரண்டு கைகளுக்கும் நடுவே 260 மி.மீ. என்றால் அது மூன்றில் ஒரு டிகிரி. அட்ஜஸ்டர் போல்ட்டால் முன்பின் கோணலைச் சரிசெய்யலாம். இந்தச் சாய்வை அதனால் தொடவே முடியாது.

ஏன் இறுக்கினாலும் நிற்பதில்லை? ஸ்லாட் வழியாகப் போகும் போல்ட் கட்டையைப் பக்கவாட்டில்தான் நெரிக்கிறது. செங்குத்துச் சுமையை வாங்குவது ஸ்லாட்டின் இரண்டு விளிம்புகள்: பின்முனையில் மேல் விளிம்பு, முன்முனையில் கீழ் விளிம்பு. வண்டி 266 கிலோ, ஆள் 75. லாஞ்சில் மொத்த எடையும் பின்னால் வந்தால் ஒரு பக்கத்துக்கு சுமார் 1,670 நியூட்டன். 180 மி.மீ. நெம்புகோலில் அது 300 நியூட்டன் மீட்டர் முறுக்கு, 60 மி.மீ. இடைவெளியில் அதைத் தாங்க ஒவ்வொரு விளிம்பிலும் 5,000 நியூட்டன் வேண்டும். அரை டன் எடை, கோடு போன்ற விளிம்பில். மேடு பள்ளம் ஏதும் சேர்க்காத கணக்கு இது.

முதல் முறை வெறுமனே மாட்டியது. இரண்டாம் முறை 0.2 மி.மீ. பித்தளை ஷிம், அதாவது இடைவெளியை அடைக்கும் தகடு. மேசையில் வைத்துப் பார்க்கும்போது அருமையாக இருந்தது, ஃபீலர் இலை நுழையவில்லை. கழற்றிப் பார்த்தபோது ஷிம்மின் ஒரு முனை காகிதம்போல் நசுங்கி வெளியே பிதுங்கியிருந்தது. ஸ்லாட் விளிம்பில் அனோடைஸ் பூச்சு உரிந்து பளபளவென்று ஒரு கோடு. மூன்றாம் முறை ஷிம்மை எஃகில் வெட்டிப் போட்டது. எஃகு நசுங்கவில்லை, அலுமினியம் நசுங்கியது. ஸ்லாட் விளிம்பே பள்ளம் வாங்க ஆரம்பித்தால் பிறகு அசல் ஆக்சிலும் அங்கே நேராக உட்காராது. அத்தோடு நிறுத்தியாச்சு. கட்டை வாங்குகிறவர்கள் உட்காரும் நீளத்தைக் கேட்டு வாங்குங்கள். 100 மி.மீ.-க்கு மேல் உள்ளே போவது, கூடவே ஸ்விங்ஆர்மின் வெளிச்சுவரைக் கவ்வும் தட்டு உள்ளது என்றால் யோசிக்கலாம். விற்பவர்கள் நீட்டும் அளவை மட்டும் பெரிதாகப் போடுகிறார்கள். இந்த அளவை எங்கேயும் போடுவதில்லை. எரிச்சல் தரும் விஷயம்.

சாய்வை அளக்க ஸ்விங்ஆர்மைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பிவட் (ஸ்விங்ஆர்ம் சட்டகத்தோடு சேரும் அச்சு) துளையில் ஒன்று, ஆக்சில் இடத்தில் ஒன்று என்று இரண்டு எஃகு கம்பி, அசல் விட்டத்துக்கே லேத்தில் கடைந்தது. பிவட் கம்பியை இரண்டு வி-பிளாக்கில் வைத்து சர்ஃபேஸ் பிளேட்டில் (துல்லியமான சமதளப் பலகை) நிறுத்தவும். ஆக்சில் கம்பியின் இரண்டு முனை உயரத்தையும் ஹைட் கேஜில் (உயரம் அளக்கும் கருவி) படிக்கவும். முன்பின் கோணலுக்கு ஒரு நீளக் கம்பியில் கூர் முனை இரண்டு வைத்து, பிவட் மையத்திலிருந்து ஆக்சில் மையம்வரை இரு பக்கமும் ஒப்பிட வேண்டும். இரண்டிலும் அரை மில்லிமீட்டருக்குள் வந்தால்தான் ஏற்றுக்கொள்வது. கம்பி கடைய கோவை கணபதி பக்கமோ அம்பத்தூர் எஸ்டேட்டோ போனால் போதும். துளையோடு பொருந்த வேண்டும் என்று சொல்லி ஸ்விங்ஆர்மையே கையில் எடுத்துப் போங்கள், வெர்னியர் அளவைச் சொல்லிக் கொடுத்தால் தளர்ந்துதான் வரும்.

வெட்டும் இடம் பற்றி. சுமையின் வளைப்பு ஆக்சிலில் பூஜ்யம், முன்னே வர வர ஏறிக்கொண்டே போய், ஷாக்கோடு இணைக்கும் லிங்கேஜ் பிடிக்கும் இடத்தில் உச்சம். எனவே ஸ்லாட்டுக்கு முன்னால், பெட்டி வடிவம் ஒரே சீராக உள்ள இடத்தில், எவ்வளவு பின்னால் முடியுமோ அவ்வளவு பின்னால். காஸ்டிங்கோடு (வார்ப்புப் பகுதி) சேரும் தையலில் கை வைக்கக்கூடாது. நேர் வெட்டு கூடாது. சாய்த்தோ மீன்வாய் வடிவிலோ வெட்டினால் வெல்ட் ஒரே குறுக்குவெட்டில் குவியாது. உள்ளே இறுக்கமான ஸ்லீவ் (உள் குழாய்), அதைப் பிடிக்க நடு உயரத்தில் பிளக் வெல்ட் (துளை போட்டு அதை நிரப்பும் வெல்ட்).

இதெல்லாம் ஏன் என்றால், 6061-டி6 அலுமினியத்தின் (டி6 என்பது சூடேற்றிக் கடினமாக்கிய நிலை) இழுவலிமை 310 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். வெல்டின் சூடு பட்ட பகுதிக்கு 165 மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். பாதி போய்விடுகிறது. மறுபடி டி6-க்குக் கொண்டுவர 530 டிகிரியில் ஊறவைத்துத் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். அப்போது நேர்ப்படுத்திய கை மறுபடி முறுக்கிக்கொள்ளும். எனவே சூடுபடுத்தித் திருத்துவதை நம்பாமல், வெல்ட் நீளத்தையும் ஸ்லீவையும் நம்புவதே சரி. ஃபில்லர் (வெல்டை நிரப்பும் கம்பி) 5356. வெல்டிங்குக்கு முன் பிவட் ஊசி பேரிங் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், எர்த் கிளாம்ப் வெல்ட் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எஃகுக்குப் பயன்படுத்திய பிரஷ்ஷை இதில் தேய்க்கவே கூடாது. ஆறும்வரை ஜிக்கை விட்டு எடுக்கக்கூடாது. ஆறியதும் விரிசலைக் காட்டும் டை பெனட்ரன்ட் சோதனை: துடைக்கும் திரவம், சிவப்புச் சாயம், வெள்ளைப் பூச்சு, மூன்று டப்பா; சிவப்பை 15 நிமிடம் ஊறவிட்டால் தலைமுடி விரிசலும் தெரிந்துவிடும்.

நீட்டும் அளவை 100 என்று முழு எண்ணாகப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. 530 செயின் கண்ணி 15.875 மி.மீ.; கண்ணிகள் இரட்டைப்படையில்தான் கூடும். 12 கண்ணி கூட்டினால் ஆக்சில் 95.25 மி.மீ. நகரும், 14 என்றால் 111. எனவே 95 மி.மீ. நீட்டி 12 கண்ணி சேர்த்தால் ஆக்சில் ஸ்லாட்டில் பழைய இடத்திலேயே நிற்கும், இரண்டு பக்கமும் அட்ஜஸ்ட் செய்ய இடம் மிச்சம். பின் ஸ்ப்ராக்கெட்டில் 4 பல் கூட்டும் எண்ணம் இருந்தால் இன்னும் 2 கண்ணி போகும், அதையும் இப்போதே கணக்கில் சேர்க்கவும். 120 கண்ணிப் பெட்டி போதாது. நீளமாக வாங்கி வெட்டி, ஒரே ஒரு ரிவெட் லிங்கில் மூடுவதே நல்லது. இரண்டு துண்டு செயினை ஒட்டினால் நம்ப வேண்டிய ரிவெட் இரண்டாகிவிடும்.

செயின் தளர்வுக்கு மேனுவல் எண் இனி உதவாது. ஷாக் லிங்கேஜைக் கழற்றிவிட்டு, முன் ஸ்ப்ராக்கெட், பிவட், ஆக்சில் மூன்று மையமும் ஒரே கோட்டில் வரும்வரை சக்கரத்தைத் தூக்கவும். செயின் மிக இறுகும் இடம் அதுதான். அங்கே 10 மி.மீ. ஆட்டம் வைத்து ஆக்சிலை இறுக்கி, லிங்கேஜை மாட்டி, வண்டி தன் காலில் நிற்கும்போது எவ்வளவு தளர்வு என்று படித்து ஸ்விங்ஆர்மிலேயே எழுதிவிட வேண்டும். அதுதான் இந்த வண்டியின் எண். கீழ்ப்பக்கச் செயின் இப்போது அதிகம் அலைபாயும். நீட்டிய பகுதிக்கு ஸ்லைடர் பட்டை ஒன்று கூடுதலாக வேண்டும்.

ஷாக்கை மறந்தால் எல்லாம் வீண். பிவட்டிலிருந்து ஆக்சில் 600 மி.மீ. என்று எடுத்தால், 100 கூடியதும் சக்கரத்தில் உணரும் ஸ்பிரிங் கடினம் 600/700-ன் வர்க்கம், அதாவது சுமார் 26.5 சதவீதம் குறைவு. பழைய நிலைக்கு 1.36 மடங்கு ஸ்பிரிங் வேண்டும். ப்ரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைப்பது) ஏற்றி ஒப்பேற்றினால் உயரம் மட்டும்தான் திரும்பி வரும், கடினம் வராது. பின் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் சென்சார் ஒயரும் சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையில் இழுபடாமல் இருக்க வேண்டும். ஹோஸைப் பின்னல் எஃகு உறையில் 120 மி.மீ. கூடுதல் நீளத்துக்கு ஆர்டர் செய்தாச்சு. பின் பிரேக் காலிப்பரைச் சுழலவிடாமல் பிடிக்கும் தாங்கி நீட்டிய பகுதியில் அதே அளவில் திரும்ப வர வேண்டும். இதை வெல்டருக்கு வாயால் சொல்லாமல் வரைபடத்தில் காட்டுவது நல்லது.

ஜிக்குக்கு 16 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட் வந்துவிட்டது, துளை போடுவதுதான் பாக்கி. அசல் ஸ்விங்ஆர்மை அப்படியே வைத்துக்கொண்டு, வெட்டுவதற்குப் பழைய ஒன்றைத் தேடியதில் புதுப்பேட்டையில் ஒன்று கிடைத்தது. பிவட் கம்பியைப் போட்டுப் பார்த்ததில் ஏற்கெனவே 2 மி.மீ. முறுக்கியிருந்தது, திருப்பிக் கொடுத்தாச்சு. நேரான இன்னொன்று கிடைத்த பிறகுதான் ரம்பம்.