கடைசியாக எப்போது குடித்தீர்கள்?

மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் 19 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், சாரத்திலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்த ஒரு கொத்தனார் எங்கள் வார்டுக்கு வந்தார். வயது 42. குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டேன். சுற்றிலும் உறவினர்கள் நின்றார்கள். "அதெல்லாம் இல்லை சிஸ்டர்" என்று அவர் மனைவி தரையைப் பார்த்தபடி சொன்னார். கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

முதல் நாள் இரவு கை நடுங்கியது. வலியால் என்று நினைத்தோம். மறுநாள் போர்வை நனையும் அளவுக்கு வியர்த்தது. மூன்றாம் நாள் நள்ளிரவில், கட்டுப்போட்ட காலோடு எழுந்து உட்கார்ந்து சுவரைப் பூசிக்கொண்டிருந்தார். கையில் கரண்டி இல்லை. ஆனாலும் கலவையை அள்ளுவதும், அப்புவதும், இழுத்து மட்டம் பார்ப்பதும் அத்தனை நேர்த்தி. "ஐயா" என்று தோளைத் தொட்டேன். உடம்பு அனலாகக் கொதித்தது. "கலவை இறுகுகிறது, சித்தாள் எங்கே?" என்று என்னை அதட்டினார்.

அவர் மனைவி அப்போதுதான் வாய் திறந்தார். தினமும் இரண்டு குவார்ட்டர், பன்னிரண்டு வருடமாக.

ஒரு குவார்ட்டர் 180 மில்லி. நம் ஊர் பிராந்தியில் அந்த அளவுக்குள் ஏறத்தாழ 60 கிராம் எத்தனால் இருக்கும். அது மூளையின் வேகத்தை அடக்குகிறது. தினமும் அடக்கப்படும் மூளை, அதை எதிர்த்துத் தன்னை முடுக்கி வைத்துக்கொள்கிறது. மது சட்டென்று நின்றால் முடுக்கம் மட்டும் மிஞ்சும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதற்குப் பிறகு வரும் இந்தப் பிதற்றல் நிலை, கவனிக்காவிட்டால் உயிரை எடுத்துவிடும். முதல் நாளே தெரிந்திருந்தால் மாத்திரையிலேயே பெரும்பாலும் தடுத்திருக்கலாம். அவர் ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தார்.

கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, ரத்த வாந்தியோடு வருபவர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். அந்த வாந்தியின் வாடை வீட்டுக்கு வந்தும் போகாது. ஆனாலும் என்னை அதிகம் வருத்துவது, நல்ல எண்ணத்தோடு குடியை நிறுத்தியவர்களுக்கு வரும் ஆபத்துதான். கார்த்திகையில் மாலை போட்ட மூன்றாம் நாளே நடுங்கிக்கொண்டு வருகிறார்கள். சாமி குற்றம் என்று வீட்டார் பயந்து போயிருப்பார்கள். வந்ததும் "குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்பார்கள். பல வருடம் குடித்த உடம்பில் பெரும்பாலும் தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்திருக்கும். அந்த ஊசியைப் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை மேலும் பாதிக்கப்படலாம். குடிப்பதை மறைத்தால் அந்த ஊசி எங்கள் நினைவுக்கே வராமல் போகும்.

அந்த மனைவியை நான் குறை சொல்ல மாட்டேன். பத்துப் பேர் நடுவில் அப்படிக் கேட்டது என் தவறு. இப்போது உறவினர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்கிறேன். குடிப்பீர்களா என்று கேட்பதில்லை. "கடைசியாக எப்போது குடித்தீர்கள்?" என்கிறேன்.

போன வாரம் ஒரு தாய், மகனை எக்ஸ்ரேவுக்குத் தள்ளிச் சென்றதும் திரும்பி வந்து என் முந்தானையைத் தொட்டார். "நேற்று ராத்திரி எட்டு மணிக்கு அம்மா. அவனிடம் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்" என்றார். நேரத்தைக் குறித்துக்கொண்டு, டாக்டரைக் கூப்பிட எழுந்தேன்.