முதலில் படத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள்

"1949 செப்டம்பர், ராபின்சன் பூங்கா, தி.மு.க. தொடக்கக் கூட்டம்" என்று சொல்லி ஒரு படம் கைக்கு வந்தால், அண்ணா எங்கே நிற்கிறார் என்று தேடுவதற்கு முன் அதைத் திருப்பிப் பாருங்கள். படம் எடுத்த நாள் வேறு, தாளில் பிரிண்ட் போட்ட நாள் வேறு. மதிப்புப் போடும்போது பலரும் சறுக்குவது இங்கேதான்.

பின்பக்கம் பிளாஸ்டிக் போல வழவழப்பாக இருந்தால் அது ஆர்.சி. தாள், அதாவது பிளாஸ்டிக் பூச்சுள்ள போட்டோ தாள். 1970களில் பரவிய தாள் அது. நிகழ்ச்சி பழையதாக இருந்தாலும் பிரிண்ட் பிந்தையது. ஸ்டுடியோ முத்திரையில் பின்கோடு இருந்தால் அந்த முத்திரை 1972 ஆகஸ்டுக்கு முன் குத்தியதாக இருக்க முடியாது. அடுத்து, ரூபாய் நோட்டு சோதிக்கும் யு.வி. டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள். தாள் நீலமாகப் பளிச்சிட்டால் அதில் வெண்மையூட்டி, அதாவது தாளை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனம், இருக்கிறது. போட்டோ தாளில் அது புழக்கத்துக்கு வந்தது 1950களில். பளிச்சிடாவிட்டால் பழையது என்று அர்த்தமில்லை. வெண்மையூட்டி சேர்க்காத தாள்களும் பிறகு விற்பனையில் இருந்தன.

நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸில் வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அது பத்திரிகை, புத்தக அச்சில் வந்த படம், அல்லது அதிலிருந்து எடுத்த நகல். கறுப்பான பகுதிகளின் ஓரத்தில், சாய்த்துப் பிடித்தால் மட்டும் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு தெரிகிறதா? வெள்ளி உப்புப் பூசிய கறுப்பு-வெள்ளைப் போட்டோ தாள் நாள்பட்டதன் அடையாளம் அது. தயவுசெய்து அதை அழுக்கு என்று துடைத்துவிடாதீர்கள்.

இனி படத்துக்குள். காங்கிரஸ் சுவரொட்டியில் இரட்டைக் காளை என்றால் 1969 பிளவு வரையான காலம், பசுவும் கன்றும் என்றால் 1971 முதல், கை என்றால் 1978 முதல். பேனர் எழுத்தில்தான் எச்சரிக்கை தேவை. 'அண்ணா'வில் ணா பழைய சுழி வடிவில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். கை பழகிய ஓவியர்கள் பிறகும் அப்படித்தான் எழுதினார்கள். புதிய வடிவமோ, பெரியாரின் குடி அரசு இதழில் 1935லேயே வந்துவிட்டது.

கொடியிலும் ஏமாறலாம். ஆர்த்தோ என்ற பழைய கறுப்பு-வெள்ளை ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, அதில் தி.மு.க. கொடியின் இரண்டு பட்டையும் கறுப்பாக விழும். ஊர்வலப் படத்தைக் கறுப்புக்கொடிப் போராட்டம் என்று தலைப்பிட இது ஒன்றே போதும். அதே படத்தில் உதடுகளும் அளவுக்கு மீறிக் கறுத்திருந்தால் ஃபிலிம்மீது சந்தேகப்படுங்கள்.

தெளிவு மட்டுமே மதிப்பு ஆகாது. மேடையை மட்டும் வெட்டி எடுத்த பளிச்சென்ற பிரிண்டைவிட, கூட்டத்தில் பெண்கள் எங்கே உட்கார்ந்தார்கள், ஒலிபெருக்கி எந்த மரத்தில் தொங்கியது என்று காட்டும் வெட்டாத மங்கல் பிரிண்ட் எனக்குப் பல மடங்கு பெரிது.

லாமினேட் செய்யாதீர்கள், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டதைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ, டிஃப் (TIFF) கோப்பு. பின்பக்கத்தையும் தனியாக ஒரு ஸ்கேன்.