நியூமன் தாளுக்கு நான் படித்த விதம்

இறையியல் பட்டப்படிப்பில், 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில இறையியலாளர் ஜான் ஹென்றி நியூமனுக்கென்றே எங்களுக்கு ஒரு தாள். உள்தேர்வில் அவர் வாழ்க்கையைத் தனியாகவும் நூல்களைத் தனியாகவும் எழுதிவைத்தேன். பாதி மதிப்பெண்கூடத் தேறவில்லை. விடைத்தாள் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வி: 'இதை அவர் யாருக்குப் பதிலாக எழுதினார்?' அதன்பிறகு அந்தக் கேள்வியை வைத்துத்தான் எல்லாவற்றையும் படித்தேன்.

முதலில் மனத்தில் பதிய வேண்டிய நாள் 1845 அக்டோபர் 9. இடம், ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய லிட்டில்மோர். முந்தைய இரவு, கோச்சு வண்டியின் மேல்தட்டில் மழையில் நனைந்தபடி வந்துசேர்ந்த இத்தாலியக் கத்தோலிக்கத் துறவி டொமினிக் பார்பேரி கணப்பருகே ஈரம் உலர்த்திக்கொண்டிருந்தார். நியூமன் வந்து அவர் காலடியில் விழுந்து, தன்னைக் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்த்துக்கொள்ளக் கேட்டார். அப்போது அவருக்கு 44 வயது. எழுதிக்கொண்டிருந்த 'கிறிஸ்தவக் கோட்பாட்டின் வளர்ச்சி' நூலை முடிக்காமலேயே நிறுத்திவிட்டார்.

அந்த நூலிலிருந்தே தொடங்குங்கள். ஆதித் திருச்சபையில் இல்லாததை ரோமைத் திருச்சபை சேர்த்துவிட்டது என்று ஆங்கிலிக்கனாக, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவராக, இருந்தபோது அவரே சொல்லிவந்தவர். இந்த நூலில் அவர் தமக்கே பதில் சொல்கிறார். உண்மையான வளர்ச்சியைத் திரிபிலிருந்து பிரித்தறிய ஏழு சோதனைகள் தருகிறார். 1878 பதிப்பில் வரிசையை மாற்றி, அவற்றை 'அடையாளங்கள்' என்கிறார். எந்தப் பதிப்பிலிருந்து எழுதுகிறீர்கள் என்று விடையில் குறிப்பிடுங்கள். ஏழையும் ஒப்பிப்பதால் பயனில்லை, ஒரு கோட்பாட்டில் பொருத்திப் பாருங்கள். நான் எடுத்துக்கொண்டது மரியாவுக்கு 431-ல் ஆயர்கள் கூடிய எபேசு சங்கம் உறுதிசெய்த 'இறைவனின் தாய்' என்ற பெயர். கிறிஸ்து கடவுள் என்று 325-ல் நிசேயா சங்கம் அறிக்கையிட்டதைக் கடைசிவரை கொண்டுபோனால் இந்தப் பெயரில்தான் வந்து நிற்கும். ஏழு சோதனைகளில் ஒன்றான தர்க்கத் தொடர்ச்சி என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

இந்த நூலின் 'வாழ்வதென்றால் மாறுவது' என்ற வரியை எல்லோரும் எடுத்து எழுதுவார்கள். மேலுலகில் அப்படியில்லை என்று அதே வாக்கியத்தின் முன்பாதி சொல்கிறது. அதை விட்டுவிட்டால் மாற்றத்துக்காகவே மாற்றத்தைப் போற்றியவர்போல் ஆகிவிடுவார். அது அவருக்குச் செய்கிற அநியாயம்.

தம் சமய வாழ்க்கையை அவரே சொல்லும் 'அப்போலோஜியா'வை அடுத்துப் படியுங்கள். கத்தோலிக்கக் குருக்களுக்கு உண்மை ஒரு பொருட்டில்லை என்று ஆங்கிலிக்கக் குருவும் நாவலாசிரியருமான சார்லஸ் கிங்ஸ்லி எழுதியதற்கு 1864-ல் வாராவாரம் வெளியிட்ட பதில் அது. மனத்தை உருக்கும். ஆனாலும் 19 வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்து எழுதியது. ஆகவே 1845-ன் மனநிலைக்கு அதை மட்டும் சாட்சியாக்காதீர்கள்.

டப்ளின் உரைகளிலிருந்து பிறந்த பல்கலைக்கழகம் பற்றிய நூலை நான் மேலோட்டமாகத்தான் பார்த்தேன். 1870-ல் வந்த 'இசைவின் இலக்கணம்' கடினம். வெறும் கருத்துக்குத் தரும் இசைவு வேறு, உயிருள்ள உண்மைக்குத் தரும் இசைவு வேறு என்ற பகுதியை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

இறுதித் தேர்வில் மனச்சான்று பற்றிக் கேட்டார்கள். திருத்தந்தையின் வழுவாமை, அதாவது விசுவாசத்திலும் ஒழுக்கத்திலும் அவர் அதிகாரபூர்வமாக வரையறுத்துப் போதிப்பது தவறாது என்ற கோட்பாடு, அறிவிக்கப்பட்டபின், கத்தோலிக்கர் நாட்டுக்கு விசுவாசமாக இருக்க முடியுமா என்று பிரிட்டனின் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டன் எழுப்பிய கேள்வியில் தொடங்கி, அதற்குப் பதிலாக 1875-ல் நார்ஃபோக் பிரபுவுக்கு எழுதியதாக நியூமன் வெளியிட்ட, மனச்சான்றைப் பற்றிப் பேசும் கடிதத்துக்கு வந்தேன். அரை மணி நேரம் பேனா நிற்கவில்லை.