எக்ஸ்போஸுக்கு ஊர் தேடிய கதை

2018-இல் காவிரிப் போராட்டத்தால் சிஎஸ்கே புனேவுக்குப் போய் ‘உள்ளூர்’ ஆட்டம் ஆடியதற்கே நமக்கெல்லாம் மனசு ஆறவில்லை. கனடாவின் பேஸ்பால் அணியான மான்ட்ரியல் எக்ஸ்போஸின் ரசிகர்கள் பாடு அதைவிட மோசம். 2003, 2004 இரண்டு வருடமும், வருடத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட அவர்கள் அணியின் உள்ளூர் ஆட்டங்கள் கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் நடந்தன. விமானம் ஏறிப் போக வேண்டிய உள்ளூர்!

அந்த அணியை 2002-இல் அது ஆடும் லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலே, அதாவது மற்ற 29 அணிகளின் முதலாளிகளே சேர்ந்து வாங்கியிருந்தார்கள். எதிரணிக்காரன் கையில் நம் பணப்பெட்டிச் சாவி என்றால் எப்படி இருக்கும்? 2003-இல் பிளே ஆஃப் போகும் வாய்ப்பு இருந்தபோது, செப்டம்பரில் எல்லா அணியும் அப்போது செய்ததுபோல் கூடுதலாக நாலு ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டுக்கொள்ளக்கூட காசு தரவில்லை.

அப்புறம் அணியை வேறு இடத்துக்கு மாற்ற ஊர் தேடும் படலம். வாஷிங்டன், வடக்கு வர்ஜீனியா, நார்ஃபோக், போர்ட்லாந்து, லாஸ் வேகாஸ், மெக்சிகோவின் மான்டெர்ரே, சான் ஹுவான் என்று ஏகப்பட்ட பேர் வரிசையில். பேஸ்பால் மீது எந்த ஊருக்கு ஆசை அதிகம் என்று பார்த்திருந்தால் என் ஓட்டு சான் ஹுவானுக்குத்தான். ஆனால் கேள்வி அதுவல்ல, ஸ்டேடியத்துக்கு யார் பணம் கட்டுவது என்பதுதான். வாஷிங்டன் கட்டுகிறேன் என்றது, ஜெயித்தது. இத்தனைக்கும் 1960-இலும் 1971-இலும் ஆக இரண்டு முறை அணியைப் பறிகொடுத்த ஊர் அது. 1971-இல் கடைசி ஆட்டத்தில் சொந்த அணி 7-5 என்று முன்னிலையில், இன்னும் ஒரே ஒரு அவுட் பாக்கி. ஆத்திரத்தில் ஜனங்கள் மைதானத்தில் இறங்கி, ஆட்டக்காரர்கள் ஓடித் தொடும் பேஸ்களைப் பிடுங்கி, புல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக, நடுவர்கள் வெற்றியை எதிரணியான யாங்கீஸுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இதில் பக்கத்து ஊர்ப் பிரச்சினை வேறு. சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி பால்டிமோர் இருக்கிறது. என் ரசிகர்களைப் பிரித்துவிடுவார்கள் என்று அந்த ஊர் அணியான ஓரியோல்ஸின் முதலாளி பீட்டர் ஆஞ்சலோஸ் ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் இரண்டு அணியின் ஆட்டங்களையும் காட்டும் டிவி நிறுவனத்தில் ஆரம்பப் பங்கு 90 சதவீதத்தை அவர் தரப்புக்குக் கொடுத்து சரிக்கட்டினார்கள். அந்தப் பங்குப் பணத்துக்காக இரண்டு அணிகளும் அப்புறம் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தது தனிக்கதை.

வாஷிங்டன் என்று அறிவித்தது 2004 செப்டம்பர் 29. அன்று சாயங்காலமே மான்ட்ரியலில் கடைசி உள்ளூர் ஆட்டம். அந்த வருடம் பாதி நாள் காலியாகக் கிடந்த ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்கு அன்றைக்கு மட்டும் 31,395 பேர் வந்தார்கள். எக்ஸ்போஸ் 9-1 என்று தோற்றது.