மத்தால் மசித்த சோறு

ஜூன் மாதத்தில் தலவாக்கலைப் பக்கம் காற்றும் மழையும் எப்படி இருக்கும் என்று மலையகத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு ராத்திரி, எங்கள் வீட்டுக்கு மேலே நின்ற டர்பன்டைன் மரம் ஒன்று முறிந்து வயரில் விழுந்து, இரண்டு நாள் கரண்ட் இல்லை. மகனுக்கு அப்போது ஒன்பது மாதம் முடிந்து பத்து நாள். அதற்கு முந்திய சில மாதமாக அவன் வாய்க்குப் போன சாப்பாடு எல்லாம் பிளென்டரில் அடித்து, அதற்கு மேல் தேத்தண்ணி வடியில் ஒரு தடவை வடித்து, ஒரு பருக்கை கூட இல்லை என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் போனது. காலையில் எழும்பியதும் எனக்கு வந்த முதல் யோசனை, இனி இவனுக்கு எதைக் கொடுப்பது என்பதுதான். கரண்ட் வரும்வரை பால் மட்டும் கொடுக்கலாம் என்று மாமியிடம் சொன்னேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை. சோற்றுச் சட்டியையும் பருப்பு மத்தையும் எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அதற்கு முந்திய கதையைச் சொன்னால்தான் என் பயம் உங்களுக்கு விளங்கும்.

ஆறு மாதம் முடிந்த அன்றே, கிளினிக்கில் சொன்ன மாதிரி, சோறும் பருப்பும் குழைய வேகவைத்து ஆரம்பித்தோம். முதல் வாரம் இரண்டு மூன்று தேக்கரண்டிதான், அதுவும் பாதி தாடையில் வழியும். பிறகு கெரட், உருளைக்கிழங்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன், நன்றாகத்தான் சாப்பிட்டான். ஏழாவது மாதத்தில் ஒரு நாள் கெரட் துண்டு ஒன்று சரியாக மசியாமல் வாய்க்குள் போய்விட்டது. முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, நாக்கை வெளியே தள்ளி ஓங்கரித்தான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டார். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, துண்டு தானாக வெளியே வந்து விழுந்தது, இரண்டு நிமிடத்தில் சிரித்தான். ஆனால் அன்றைக்குப் பிறகு நான் எல்லாவற்றையும் அடித்து வடிக்க ஆரம்பித்தேன். தண்ணியாக இருந்தால் சிக்காது என்பதற்காகச் சுடுதண்ணீரும் கூடக் கூட ஊற்றினேன்.

எட்டரை மாதத்தில் நிறை பார்க்கப் போனபோது, கிளினிக் புத்தகத்தில் கோடு மேலே ஏறாமல் படுத்துக் கிடந்தது. மிட்வைஃப் மிஸ் என்னைத் திட்டவில்லை. "தங்கச்சி, என்ன பதத்துல குடுக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் ஒரு கரண்டியைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். கரண்டியைச் சாய்த்தால் சாப்பாடு ஓடக் கூடாது, ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும், ஓடினால் அது பிள்ளைக்குச் சாப்பாடு இல்லை, தண்ணி. குழந்தையின் வயிறு அதன் நிறையில் ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்ட 30 மில்லிலீட்டர்தான் பிடிக்குமாம், எட்டுக் கிலோ பிள்ளை என்றால் ஒரு கப் அளவு. அந்த ஒரு கப்பில் பாதியைத் தண்ணீரால் நிரப்பினால் நிறை எங்கிருந்து ஏறும்? எனக்கு அழுகை வந்தது. வயிறு நிறையக் கொடுக்கிறேன் என்று நினைத்துத்தான் கொடுத்தேன்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. மெல்லுவது பிள்ளைக்குத் தானாக வருவது இல்லை, பழகித்தான் வர வேண்டும். பாலையும் கூழையும் விழுங்க நாக்கு முன்னும் பின்னும் போனால் போதும், கட்டி வாயில் இருந்தால்தான் நாக்கு அதைப் பக்கவாட்டில் ஈறுக்குத் தள்ளப் படிக்கும். அதைப் படிக்கிற காலம் ஏழு எட்டு மாதத்திலிருந்து தொடங்குகிறது, பத்து மாதம் தாண்டியும் கட்டியான சாப்பாட்டைக் காட்டாமல் இருந்தால் பிற்பாடு சாப்பாட்டில் அடம் பிடிக்கிற பிள்ளைகளாக வளரும் வாய்ப்புக் கூட. பல் இல்லையே மிஸ் என்று கேட்டேன். அரைக்கிற பல் வர ஒரு வயதுக்கு மேலே ஆகும், அதுவரை ஈறு போதும், உங்கள் விரலை வைத்துப் பாருங்கள் என்றார். வைத்துப் பார்த்தேன், கடித்தான், நல்ல வலி.

ஆனாலும் வீட்டுக்கு வந்து தண்ணீரைக் குறைத்தேனே தவிர பிளென்டரை விடவில்லை. அந்த ஓங்கரிப்பு என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அப்படி இருக்கும்போதுதான் மரம் விழுந்தது. மாமி சோற்றையும் பருப்பையும் மத்தால் மசித்தார், கூழாக இல்லை, பருக்கை பாதி உடைந்து பாதி முழுசாகத் தெரிந்தது. அதில் ஒரு துண்டு வெந்த உருளைக்கிழங்கை விரலால் நசுக்கிப் போட்டார். முதல் வாயிலேயே அவன் ஓங்கரித்தான். நான் எழும்பினேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இரு புள்ள, சத்தம் வருதுல்ல, அவனே பாத்துக்குவான்" என்றார். அவன் இருமினான், நாக்கைச் சுழற்றினான், பிறகு விழுங்கினான். விழுங்கிவிட்டு மாமியின் கையைப் பார்த்து வாயைத் திறந்தான்.

மாமி இருபத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவர். நான்கு பிள்ளைகளையும் பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில், விட்டுவிட்டு மலைக்குப் போனவர். பிளென்டர் என்ற சாமானை அவர் முதலில் பார்த்ததே என் கல்யாணத்துக்கு வந்த பரிசில்தான். சத்தம் வந்தால் பயம் இல்லை என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம். அதையே பிறகு மிஸ்ஸிடம் விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், தயவுசெய்து இதை மட்டுமாவது கவனமாகப் படியுங்கள்.

ஓங்கரிப்பு வேறு, தொண்டையில் சிக்குவது வேறு. சின்னப் பிள்ளைகளுக்கு ஓங்கரிப்பு வருகிற இடம் நாக்கில் நமக்கு இருப்பதைவிட முன்னாலேயே இருக்கிறது, அதனால் கட்டி தொண்டைக்குப் போக முந்தியே உடம்பு அதை வெளியே தள்ளிவிடும். முகம் சிவக்கும், இருமல் வரும், சத்தம் வரும். அப்போது நாம் அலறாமல் பக்கத்தில் இருந்தால் போதும், வாய்க்குள் விரலை விடவே கூடாது, வெளியே வர வேண்டியதை உள்ளே தள்ளிவிடுவோம். சிக்கினால் சத்தம் வராது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலமாகும். அப்போது ஒரு நொடியும் வீணாக்கக் கூடாது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை கீழே இருக்கும்படி, தலையையும் தாடையையும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடியால் ஐந்து தட்டு. வரவில்லை என்றால் மல்லாத்தி, நெஞ்சு நடுவில் ஐந்து அழுத்து. திரும்பத் திரும்ப, வெளியே வரும்வரை. இன்னொருவர் 1990க்கு அழைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். கிளினிக்கில் பொம்மையை வைத்துச் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள், நான் கேட்டேன், காட்டினார்கள். அது தெரிந்த பிறகுதான் என் கை நடுக்கம் நின்றது.

சரி, கரண்ட் வந்தது. பிளென்டரை எடுக்கவில்லை.

அப்புறம் நடந்தது நான் நினைத்ததைவிடச் சுலபம். அவனுக்கென்று தனியாகச் சமைப்பதையே விட்டுவிட்டோம். எங்கள் கறியில் உப்பும் கொச்சிக்காயும் போட முந்தி ஒரு கரண்டியை வேறு சட்டிக்கு எடுத்து வைத்துவிடுவேன், அவ்வளவுதான். பருப்பு, போஞ்சி, கோவா (முட்டைக்கோஸ்), கீரை எல்லாம் அப்படித்தான். போஞ்சியை நன்றாக வேகவைத்து முழுசாகக் கையில் கொடுத்தால் பிடித்துச் சப்பி, முனையிலிருந்து ஈறால் நசுக்கிக்கொண்டு வருவான். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினால் நசுங்க வேண்டும், அதுதான் என் அளவு. இடியப்பத்தைப் பிய்த்துப் பருப்புத் தண்ணியில் ஊறவைத்தால் ஐந்து நிமிடத்தில் முடிப்பான். ரொட்டி எங்கள் வீட்டில் தினமும் உண்டு. ஓரத்தை எடுத்துவிட்டு நடுவில் மெதுவான இடத்தைச் சொதியில் தோய்த்துக் கொடுத்தேன், காய்ந்த ரொட்டியைக் கொடுக்காதீர்கள், அது வாயின் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பட்டர் புரூட் (அவகாடோ), பப்பாசி, வாழைப்பழம் துண்டுகளாக. வழுக்கினால் பிடிக்க முடியாது என்று மாமி பட்டர் புரூட்டில் கொஞ்சம் அரிசி மாவை வறுத்துப் பிரட்டுவார். நல்ல யோசனை அது.

எங்கள் பக்கத்தில் குளிர் ஒரு பிரச்சினை, இதை வேறு ஊர் ஆட்கள் எழுதிப் பார்த்ததில்லை. தேங்காயெண்ணெய் போத்தலிலேயே உறைந்து கிடக்கிற ஊரில், பிள்ளையின் கிண்ணம் பத்து நிமிடத்தில் ஆறிச் சோறு விறைத்துவிடும். விறைத்த சோற்றை அவன் துப்புவதைப் பசியில்லை என்று நினைத்து எடுத்து வைத்துவிடுவேன் முதலில். இப்போது கிண்ணத்தைச் சுடுதண்ணீர் உள்ள பேசினில் வைத்துக்கொண்டுதான் ஊட்டுகிறேன்.

அடுத்தது இரும்புச்சத்து. தாயின் வயிற்றில் இருக்கும்போது சேர்த்து வைத்த இரும்புச்சத்து ஆறு மாதத்தோடு குறைந்துவிடும், பாலில் இருப்பது போதாது, அதனால் சாப்பாட்டில்தான் வர வேண்டும். சோறும் கிழங்கும் மட்டும் கொடுத்தால் வராது. நன்றாக வெந்த முட்டை, ஈரல், மீன், பருப்பு, கீரை. நெத்தலியைச் சுடுதண்ணீரில் இரண்டு தடவை ஊறவைத்து உப்பை எடுத்து, வறுத்துத் தூளாக்கிப் போத்தலில் வைத்திருக்கிறேன், சோற்றில் ஒரு சிட்டிகை. கூடவே தோடம்பழமோ கொய்யாவோ கொஞ்சம் கொடுத்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு நன்றாகச் சேரும்.

இதைச் சொல்லும்போது தேத்தண்ணியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் தோட்டங்களில் பத்து மாதப் பிள்ளைக்கும் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுக்கிற பழக்கம் இருக்கிறது, பாட்டிமார் அன்பாகத்தான் கொடுக்கிறார்கள், குளிருக்கு இதமாக இருக்கும் என்று. ஆனால் தேயிலையில் உள்ள சாயச்சத்து சாப்பாட்டிலிருக்கும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிள்ளையின் இரத்தத்துக்குப் போக விடாது. இரத்தம் குறைந்த பிள்ளைகள் நம்மிடம் எவ்வளவோ பேர். மாமியோடு எனக்கு வந்த ஒரே வாக்குவாதம் இதுதான், இரண்டு நாள் பேசாமல் இருந்தார், பிறகு அவராகவே கப்பைத் தூர வைத்தார். அதேபோல ஒரு வயது வரை தேன் வேண்டாம், நாக்கில் தடவக் கூட வேண்டாம், அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் உடம்பைத் தளர்த்தி மூச்சையே பாதிக்கும். கச்சான் (நிலக்கடலை), முழுத் திராட்சை, டொபி, பச்சைக் கெரட் எதையும் கையில் கொடுக்காதீர்கள். ரம்புட்டான் காலத்தில் இன்னும் கவனம், அந்த வழுக்கல் பழம் விதையோடு தொண்டைக்குப் போய்விட்டால் எடுப்பது கஷ்டம்.

வேலைக்குப் போகிற அம்மாமாருக்கு ஒன்று. பிள்ளைக்காம்பராவில் விடுகிறவர்கள் ஆயம்மாவிடம் என்ன பதத்தில் ஊட்ட வேண்டும் என்று வாயால் சொல்லுங்கள், போத்தலைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஓடாதீர்கள். பத்துப் பிள்ளைகளைப் பார்க்கிற ஒருவருக்குத் தண்ணியாகக் கொடுப்பது சுலபம், அவரைக் குறை சொல்ல முடியாது. நான் ஒரு நாள் காலையில் கூடவே உட்கார்ந்து ஒரு கிண்ணம் ஊட்டிக் காட்டினேன், அவன் ஓங்கரித்ததையும் அவர் பார்க்கும்படி. அதற்குப் பிறகு அவரும் பயப்படவில்லை.

எல்லா நாளும் நன்றாகப் போகவில்லை. பல் முளைத்தபோதும் காய்ச்சல் வந்தபோதும் ஒரு வாரம் பாலைத் தவிர எதையும் தொடவில்லை, நான் வற்புறுத்தவில்லை, காய்ச்சல் விட்டதும் இரட்டிப்பாகச் சாப்பிட்டான். பூசணியை ஒன்பது தடவை துப்பிவிட்டுப் பத்தாவது தடவை ஏற்றுக்கொண்டான். போனைக் காட்டி ஊட்டுவதை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டேன், வாயில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் விழுங்குகிற பிள்ளை எப்படி மெல்லப் படிக்கும்? சாக்கை விரித்து எங்களோடு உட்கார வைப்போம். சோறு தலையிலும் காதிலும் இருக்கும், இருக்கட்டும்.

இப்போது பதின்மூன்று மாதம். கிளினிக் புத்தகத்தில் கோடு மேலே ஏறுகிறது. ஒரு நாளைக்கு மூன்று வேளை எங்களோடு சோறு, நடுவில் இரண்டு தடவை பழமோ திரிபோஷ சத்துமா உருண்டையோ, ராத்திரி தாய்ப்பால். இறைச்சிதான் இன்னும் சரிவரவில்லை, கோழியை நார் நாராகக் கிழித்துக் கொடுத்தாலும் சக்கையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டே விளையாடப் போய்விடுகிறான், நான் பின்னால் போய் வாயைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. கொத்தி, உருளைக்கிழங்கோடு பிசைந்து சின்ன உருண்டையாக வேகவைத்துப் பார் என்கிறார் மாமி. ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்கினால் செய்து பார்க்க வேண்டும்.