சிஎஸ் 2 கத்தி விற்ற பணத்துக்கு லியன்: பெங்களூரில் அதை எடுக்கப் பட்ட பாடு

கணினி விளையாட்டில் ஆயுதங்களுக்குப் போடும் அலங்காரத் தோற்றமான ஸ்கின் கைமாறுவதில் இப்போது பெரிய வில்லங்கம் இல்லை. வில்லங்கமெல்லாம் பணம் கணக்குக்கு வந்து சேர்ந்த பிறகுதான். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 (சிஎஸ் 2) விளையாட்டின் கத்தி ஒன்றை நேரடியாக யுபிஐ-க்கு விற்றதில் பொருள் போனது, பணம் வந்தது, வாங்கியவரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். சில வாரம் கழித்து, ஒரு சைபர் புகாரால் சம்பளக் கணக்கே முடங்கியது. கார்டு, யுபிஐ, இஎம்ஐ எல்லாம் நின்றன. அல்சூர் பக்கம் உள்ள கிளையில் போய்க் கேட்டால் ஒரே பதில்: "சிஸ்டத்துல இருந்து வந்திருக்கு சார், எங்க கையில ஒண்ணும் இல்ல." தமிழிலேயே சொன்னார்கள், அதில் மட்டும் குறையில்லை.

நேரடியாக விற்க ஏன் போகிறோம் என்பது விற்பவர்களுக்குத் தெரியும். வால்வ் நிறுவனத்தின் கேம் தளமான ஸ்டீமின் மார்க்கெட்டில் சிஎஸ் பொருளுக்கு ஸ்டீம் 5 சதவீதம், விளையாட்டுக்கென்று 10 சதவீதம் கட்டணம். வாங்குபவர் 23,000 ரூபாய் கொடுத்தால் நம் பக்கம் வருவது 20,000. அதுவும் வாலட்டில். வாலட்டில் ஏறிய பணம் ஸ்டீமுக்குள் செலவழிக்க மட்டுமே ஆகும், பேங்குக்கு இறங்காது. அதனால் வெளியே ஸ்டீம் விலையைவிடக் குறைத்துக் கேட்டாலும் ரொக்கம் என்று கொடுத்துவிடுகிறோம். 2025 அக்டோபர் 22 அப்டேட்டுக்குப் பிறகு இந்த அவசரம் இன்னும் கூடியது. ஐந்து சிவப்பு ரக ஸ்கின்னை மாற்றாகக் கொடுத்து ஒரு கத்தியோ கையுறையோ எடுக்கலாம் என்று வால்வ் திறந்துவிட்டதும் கத்தி விலை சரிந்தது, ஆளாளுக்குக் கையில் இருப்பதைத் தள்ளப் பார்த்தார்கள். "உடனே யுபிஐ, பேரம் இல்லை" என்று சொல்லும் ஆட்களுக்கு அதைவிட நல்ல காலம் ஏது?

ட்ரேட் (ஸ்டீமில் பொருளைக் கைமாற்றுவது) பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போனில் உறுதிப்படுத்தும் ஸ்டீமின் மொபைல் ஆதென்டிகேட்டர் போட்டு 7 நாள் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் ட்ரேட் 15 நாள் வரை நிறுத்தி வைக்கப்படும். விற்பதற்கு முன் ஸ்டீம் ஏபிஐ கீ (வெளி மென்பொருள் உங்கள் கணக்கைக் கையாள உதவும் சாவி) பக்கத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் உருவாக்காத கீ அங்கே இருந்தால் யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். உண்மையான ட்ரேட்டை ரத்து செய்துவிட்டு, அதே பெயர், அதே படம் வைத்த போலிக் கணக்கிலிருந்து இன்னொன்றை அனுப்புவார்கள். அந்தக் கீயை அழித்து, பாஸ்வேர்டை மாற்றி, மற்ற எல்லா டிவைஸ்களிலிருந்தும் லாக் அவுட் செய்து, ட்ரேட் லிங்கையும் புதிதாக்குங்கள். மொபைலில் கன்ஃபர்ம் செய்யும்போது பெயரைப் பார்க்காதீர்கள், எதிராளி ஸ்டீமில் சேர்ந்த தேதியைப் பாருங்கள்.

2025 ஜூலையில் வந்த ட்ரேட் ப்ரொடெக்‌ஷன் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அனுப்பிய பொருளை 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். ஆனால் அந்த ஒரு ட்ரேட்டை மட்டும் என்று பிரித்தெடுக்க முடியாது. அந்த 7 நாளில் செய்த, திரும்பப் பெறத் தகுதியான எல்லா ட்ரேடும் சேர்ந்தே திரும்பும். அதோடு உங்கள் கணக்குக்கு 30 நாள் ட்ரேடும் மார்க்கெட்டும் தடை. கணக்கு முடங்கியதும் "பொருளைத் திரும்ப இழுத்துவிடு" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். பெரும்பாலும் லியன் (புகாரின் பேரில் பேங்க் பணத்தைப் பிடித்து வைப்பது) வருவதற்குள் 7 நாள் கடந்திருக்கும். கடக்காவிட்டாலும், பணத்தையும் பொருளையும் சேர்த்து வைத்திருப்பவரை எந்தப் போலீஸ்காரரும் அப்பாவி என்று எழுதித் தர மாட்டார். பொருள் போய்ச் சேர்ந்தது என்பதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே நல்ல சாட்சி.

இனி பணம் எப்படிக் கறைபடுகிறது என்பது. உங்களிடம் கத்தி கேட்பவன் அதே நேரத்தில் வேறு ஊரில் இன்னொருவரிடம் சோபா விற்கிறான், அல்லது வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி முன்பணம் கேட்கிறான். அவருக்குத் தன் யுபிஐ ஐடியைத் தராமல் உங்களுடையதைத் தருகிறான். அவர் உங்களுக்குப் பணம் போடுகிறார், நீங்கள் அவனுக்குக் கத்தி அனுப்புகிறீர்கள். சோபா வராது. அவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்கிறார். புகாரில் இருக்கும் கணக்கு எண் உங்களுடையது. கத்தி வாங்கியவன் அந்தப் படத்திலேயே இல்லை. இன்னொரு வகையில், ஏமாற்றுப் பணம் நாலைந்து கணக்குகள் சுற்றி வந்து கடைசியில் உங்களிடம் ஸ்கின்னாக மாறுகிறது. ஒவ்வொரு கணக்கையும் ஒரு லேயர் என்பார்கள். கீழ் லேயரில் இருந்தாலும் பூட்டு வரும்.

இதைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறி எனக்குத் தெரிந்து இரண்டு. பேசுகிறவன் பெயர் ஒன்று, பணம் வரும் பெயர் வேறு: "ஃப்ரெண்ட் அக்கவுன்ட்ல இருந்து போடுறேன் ப்ரோ." அடுத்தது, ஒரே தொகை இரண்டு மூன்று துண்டாக வெவ்வேறு கணக்கிலிருந்து வருவது. லிமிட் தீர்ந்துவிட்டது என்று காரணம் சொல்வார்கள். இந்த விவகாரத்தில் மூன்று துண்டாக வந்த பணத்தில் ஒரே ஒரு துண்டுதான் கறை. மற்ற இரண்டும் இன்றுவரை சுத்தம். ஒரு ரூபாய் டெஸ்ட் அனுப்பச் சொல்வதால் இதில் எந்தப் பயனும் இல்லை, ஏமாந்தவரே அந்த ஒரு ரூபாயையும் அனுப்பித் தருவார்.

பேங்கில் முதலில் கேட்க வேண்டியது: லியனா, டெபிட் ஃப்ரீஸா? லியன் என்றால் புகாரில் உள்ள தொகை மட்டும் பிடித்து வைக்கப்படும், மீதியை எடுக்கலாம். டெபிட் ஃப்ரீஸ் என்றால் உள்ளே வரும், வெளியே போகாது. இஎம்ஐ பவுன்ஸ் ஆகும், அதற்கு அபராதம் வேறு. கவுன்டரில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்ல நேரமோ மனமோ இருக்காது. வாயால் கேட்டால் "ஹெட் ஆபீஸ்" என்பார்கள். அதனால் எழுதிக் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். கடிதத்தில் கேட்க வேண்டியவை: புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலம், எந்த ஸ்டேஷன், விசாரணை அதிகாரியின் மெயில் ஐடி, சர்ச்சைக்குரிய தொகை, அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க யுபிஐ எண். இந்த எண்ணை வைத்துத்தான் மூன்றில் எந்தத் துண்டு கறை என்று பிரித்தறிய முடியும்.

அதே கடிதத்திலேயே, புகார்த் தொகைக்கு மட்டும் லியன் வைத்து மீதியை விடுவிக்கும்படி கேளுங்கள். இப்படி முழுக் கணக்கையும் முடக்காமல் சம்பந்தப்பட்ட தொகையோடு நிறுத்த வேண்டும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2023-லும் சென்னை உயர்நீதிமன்றம் 2024-லும் சொல்லியிருக்கின்றன. கர்நாடகத்தில் உள்ள கிளையை அவை நேரடியாகக் கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும் கடிதத்தில் அந்த வரி இருந்தால் அது கவுன்டரில் தூங்காமல் லீகல் டிபார்ட்மென்ட் வரை போகிறது. இங்கே முதலில் கிடைத்த நிம்மதி அதுதான். என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்று போலீஸ் தரும் கடிதம்) வருவதற்கு வெகு முன்பே முழு முடக்கம் நீங்கி, அந்த ஒரு துண்டுக்கு மட்டும் லியன் என்று ஆனது.

வீணாகப் போன அலைச்சல் என்றால் உள்ளூர் சைபர் ஸ்டேஷன். பெங்களூரில் டிவிஷனுக்கு டிவிஷன் சென் ஸ்டேஷன் (சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றங்களுக்கான போலீஸ் ஸ்டேஷன்) இருக்கிறது. பேங்கில் "சைபர் போலீஸ்ல போய்ப் பாருங்க" என்று கைகாட்டி விடுவார்கள். அங்கே போனால், புகார் பதிவான மாநிலத்து ஸ்டேஷன்தான் விடுவிக்க முடியும், நாங்கள் இல்லை என்பார்கள். அது சரியான பதில்தான், எரிச்சல்படுவதென்றால் பேங்கின் மேல்தான் பட வேண்டும். போவதென்றால் ஒரே ஒரு வேலைக்குப் போங்கள்: கத்தி வாங்கியவன் மேல் நீங்களும் ஒரு புகார் பதியுங்கள், தேசிய சைபர் குற்றப் போர்ட்டலில் பதிந்தாலும் போதும். நீங்களும் ஏமாற்றப்பட்டவர் என்பதற்கு ஓர் ஒப்புகை எண் கையில் இருந்தால் அடுத்த மாநிலத்து அதிகாரியின் குரலே கொஞ்சம் மாறுகிறது.

அவருக்கு அனுப்ப வேண்டிய கட்டு: பேங்க் சீல் வைத்த ஸ்டேட்மென்ட், ஆதார், பான் நகல், பேச்சு முழுவதன் ஸ்கிரீன்ஷாட், ஸ்டீம் ட்ரேட் ஹிஸ்டரி, வாங்கியவனின் ஸ்டீம் ஐடி. 7656119 என்று தொடங்கும் 17 இலக்க எண்ணைக் கொடுங்கள், ப்ரொஃபைல் பெயரை ஒரு நாளில் பத்துத் தடவை மாற்றலாம். பொருளின் அசெட் ஐடி ஒவ்வொரு ட்ரேடிலும் மாறிவிடும். ஃப்ளோட் மதிப்பும் (தேய்மான அளவு) பேட்டர்ன் எண்ணும் (வடிவ எண்) எத்தனை கை மாறினாலும் மாறாது, அவற்றைக் குறித்து வையுங்கள். டெலிகிராமில் பேசியிருந்தால் பேசிய அன்றைக்கே படம் பிடித்துவிடுங்கள். எதிராளி தன் பக்கம் அழித்தால் உங்கள் பக்கமும் அழியும் வசதி அதில் இருக்கிறது, அதை மறக்காமல் செய்வார்கள். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, ஒப்புகை எண்ணை சப்ஜெக்டில் போட்டு அனுப்புங்கள். அனுப்பினால் மட்டும் ஆகாது, ஸ்டேஷன் லேண்ட்லைனுக்குப் போன் செய்து "மெயில் வந்திருக்கா சார்" என்று கேட்டால்தான் திறப்பார்கள். எண்ணை அந்த மாநிலப் போலீஸின் தளத்திலிருந்து எடுங்கள். அதிகாரி என்று வாட்ஸ்அப்பில் தானாக வந்து பேசுகிறவரை நம்ப வேண்டாம்.

கடிதத்தில் "கத்தி விற்றேன்" என்று எழுதாதீர்கள். வடக்கே ஒரு ஸ்டேஷனில் உட்கார்ந்து படிப்பவருக்கு, பெங்களூரில் ஒருவன் ஆயிரக்கணக்கில் ஆயுதம் விற்றதாகத்தான் தெரியும். "கணினி விளையாட்டில் பயன்படும் டிஜிட்டல் பொருள்" என்று எழுதி, படத்தையும் பக்கத்தில் ஒட்டுங்கள்.

இன்னொரு கேள்வி கட்டாயம் வரும்: "ஆன்லைன் கேமிங்தான் தடை ஆயிடுச்சே?" 2025 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற சட்டம் தடுப்பது பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் எதிர்பார்ப்பில் ஆடும் ஆட்டத்தை. இன்வென்டரியில் இருந்ததை விலைக்குக் கொடுப்பது பந்தயம் இல்லை. ஆனால் அதே சட்டம் காயின், டோக்கன், பொருள் எதைப் பணயம் வைத்தாலும் பணயமாகவே எடுத்துக்கொள்கிறது. ஸ்கின் வைத்து ஆடும் சூதாட்டத் தளங்களுக்குப் பணம் போன வரிகள் ஸ்டேட்மென்டில் இருந்தால் வக்கீலைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

சில ஸ்டேஷன்களில் "புகார் கொடுத்தவருக்கு அந்தத் தொகையைக் கொடுத்துடுங்க, என்ஓசி தந்துடறோம்" என்பார்கள். தொகை சின்னதென்றால் பலரும் இதற்கு இசைந்துவிடுகிறார்கள், அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் போனில் சொல்லும் யுபிஐ ஐடிக்கு அனுப்ப வேண்டாம். லியனில் இருக்கும் பணத்திலிருந்தே பேங்க் வழியாகத் திரும்பிப் போகட்டும், எழுத்தில் இருக்கட்டும். இசைய விருப்பமில்லை என்றால், போலீஸ் சொத்தைப் பிடித்து வைக்கும் அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 106-வது பிரிவில் இருக்கிறது, விடுவிக்கக் கேட்பது 503-வது பிரிவில், அந்த எல்லைக்குரிய மாஜிஸ்திரேட்டிடம். அதாவது அந்த ஊரில் ஒரு வக்கீல் பிடிக்க வேண்டும். சில ஆயிரத்துக்கு இது கட்டுப்படியாகாது.

டெலிகிராமில் "லியன் எடுத்துத் தருகிறோம், பத்து சதவீதம்" என்று ஒரு கூட்டம் திரிகிறது. அதுவும் அதே ஏமாற்றுக்காரர்களின் இன்னொரு கடைதான். ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மன் போலீஸ் வைத்த பூட்டைத் திறக்க மாட்டார். ஆனால் பேங்க் விவரம் தர மறுத்து, எழுத்துப் புகாருக்கு 30 நாளாகியும் பதில் தராவிட்டால் அங்கே போகலாம்.

யுபிஐ வேண்டாம், யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ) வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை எப்போதும் உண்டு. அதை ரூபாயாக்க மறுபடி முன்பின் தெரியாத ஒருவருடைய யுபிஐ-தான் வர வேண்டும், ஆக நின்ற இடத்திலேயே நிற்கிறோம். அதோடு 2022 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ், நஷ்டத்தைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. இந்தியாவில் பேபால் 2021 ஏப்ரல் 1-லிருந்து உள்நாட்டுப் பரிமாற்றத்துக்கு இல்லை. வெளிநாட்டு வாங்குபவர் என்றால் 180 நாள் வரை அவர் தகராறு எழுப்பலாம். கேஒய்சி எடுத்து, 7 நாள் பாதுகாப்புக் காலம் முடிந்து, நிறுவனக் கணக்கிலிருந்தே பணம் அனுப்பும் தளம் பரவாயில்லை. கமிஷன் போகட்டும். முதலில் மலிவான ஒரு பொருளை விற்று, ஸ்டேட்மென்டில் அனுப்புநர் பெயர் நிறுவனமா, ஏதோ ஒரு தனியாளா என்று பாருங்கள். தனியாள் பெயர் என்றால் அந்தத் தளத்தை விட்டுவிடுங்கள். எப்படி விற்றாலும் இதற்கென்று தனிக் கணக்கு. சம்பளம் வரும் கணக்கின் யுபிஐ ஐடியை எவனுக்கும் தராதீர்கள்.

என்ஓசி காகிதமாகக் கைக்கு வந்தால் கிளையில் வாங்கிக்கொள்ளவில்லை. ஸ்டேஷனின் அரசு மெயிலிலிருந்து பேங்கில் போலீஸ் கடிதங்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு நேரே போக வேண்டும், உங்களுக்கு ஒரு நகல் வந்தால் அதிலேயே கிளை மேனேஜரைத் துரத்தலாம். லியன் விலகியதும் ஆப்பில் பேலன்ஸ் சரியாகத் தெரிவதோடு திருப்தியாகாமல், நிலுவையில் வேறு லியன் எதுவும் இல்லை என்று கிளையில் எழுதி வாங்குங்கள். ஒரே பணத்துக்கு இரண்டு புகார் வந்து, ஒன்று நீங்கிய பிறகு இன்னொன்று முளைப்பது உண்டு. பவுன்ஸ் ஆன இஎம்ஐ-க்கு அபராதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கடன் கொடுத்த இடத்தில் அந்த என்ஓசி நகலோடு கேளுங்கள். கேட்டதில் பாதி திரும்ப வந்தது.